வெறும் நெற்றியோடு இருவர்

வல்லம் வடகால்,
6.10.1991

அன்பு மகன் சிவசங்கருக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மா உன்மேல் கோபமாக இருப்பதாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். பூனாவில் டிரெயினிங் எப்படிப் போகிறது? சோறு கிடைக்கிறதா, தினமும் சப்பாத்திதானா?

ரயில் ஏறும்போது நீ என் கையில் திணித்த கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு வாரம் இந்த வீட்டில் சரியான பேச்சே இல்லை. கம்பெனி ஆபீசில் டைப் அடிக்கும் பெண், பெயர் வசுதா, ஸ்ரீபெரும்புதூர் ஐயங்கார் வீடு, நீங்களே போய்ப் பேசுங்கள் என்று முடித்திருந்தாய். காதலிப்பது நீ, பெண் கேட்டுப் போக வேண்டியது நான்.

கடைசியில் அம்மாதான் நாள் பார்த்தாள். புரட்டாசியில் நம் வீட்டில் கவுச்சி கிடையாது, போனால் இப்போதே போக வேண்டும் என்றாள். போன ஞாயிறு கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு ஒரு யோசனை. பட்டை பட்டையாக விபூதியோடு பெருமாள் கோயில்காரர் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நினைப்பாரோ என்று, துண்டை நனைத்து அழுந்தத் துடைத்துக்கொண்டேன்.

வசுதாவின் அப்பா வரதுவுக்குத் தாலுகா ஆபீசில் வேலை. கோயிலில் பாசுரம் பாடும் கோஷ்டியில் இருபத்திரண்டு வருடமாக முன்வரிசை. அப்படிப்பட்டவர் நெற்றியும் துடைத்து வைத்தது போல் இருந்தது. நான் அவர் நெற்றியைப் பார்க்க, அவர் என் நெற்றியைப் பார்க்க, பத்து நிமிஷம் மழையைப் பற்றியே பேசினோம்.

காபியோடு வந்த அவர் மனைவி பூமா அப்படியே நின்றுவிட்டார். "திருமண் எங்கே? கார்த்தால இட்டுண்டேளே?" என்று கேட்டார். வரது தரையைப் பார்த்துக்கொண்டு, "வர்றவா கூச்சப்படப் படாதேன்னு அலம்பிட்டேன்" என்றார். நானும் மறைக்கவில்லை. "நானும் பஸ் ஸ்டாண்டுல தொடச்சிகினுதான் சாமி வந்தேன்" என்றேன். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பாதிக் காபி தட்டில். உள்ளே இருந்து உன் வசுதா சிரிக்கும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு யாராலும் விறைப்பாக உட்கார முடியவில்லை.

வசுதா உன் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மீன் எப்படிக் கழுவுவது என்று மெதுவாகக் கேட்டாள். "அது உனுக்கு இன்னாத்துக்கும்மா? துன்றவன் கழுவட்டும்" என்று சொல்லிவிட்டாள் அம்மா. ஆகவே ஐப்பசி முதல் நம் வீட்டில் மீன் கழுவுவது நீ.

வரது சம்மதம் சொன்னார். வழியனுப்ப வந்தபோது தெருவில் என்னிடம் மட்டும், "விஷயம் தெரிஞ்சா கோஷ்டியில என்னைப் பின்னால நிக்கச் சொல்லுவா. பரவாயில்லை, பெருமாளுக்குக் காது நன்னாக் கேக்கும்" என்றார்.

நேற்று மூன்றாம் சனிக்கிழமை. நானும் அம்மாவும் அந்தக் கோயிலுக்குப் போனோம். யாரும் சொல்லும் முன்பே அவர் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்றேன். பாட்டுத் தெரியாமல் வாயை மட்டும் அசைத்தேன். அம்மா பின்னால் இருந்து விலாவில் குத்தினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பாடினார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது அவருக்கு நல்ல கம்பளி மப்ளர் ஒன்று வாங்கி வா. மார்கழி விடியலில் பாட வேண்டியவர். எந்த வரிசையில் நின்றாலும் தொண்டை கட்டக் கூடாது.

அப்பா,
பரசுராமன்