சஹன் கணக்கும் இரண்டு எடிட்டரும்

செவ்வாய்
கச்சான் காற்று. ஓட்டுக்குக் கீழே நாள் முழுக்க அவிந்தேன்.
ஞாயிறு மச்சான் மகனுக்கு வலீமா, கல்யாண விருந்து. மச்சான் என்றால் மனைவியின் காக்கா, மூத்த அண்ணன். சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவார்கள். மொத்தம் எத்தனை சஹன் என்று வெள்ளிக்குள் சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும். கூடியிருந்தவர்கள் நடுவே எழும்பி, "பாஸ்கல்ல புரோகிராம் எழுதித் தாறன்" என்றேன். இத்தீவில் பாஸ்கல் என்ற அந்தக் காலத்துக் கணினி மொழியைக் கரைத்துக் குடித்த கடைசி மனிதன் அல்லவா.
மச்சான்: "பிழைச்சா நீங்கதான் சபைக்குப் பதில் சொல்லணும்."
மடிக்கணினியில் புரோகிராம் எழுதும் எடிட்டர் ஏற்றியாயிற்று. நீலத் திரை, நடுக்கடல் மாதிரி.

புதன்
அதே வெயில். புரோகிராம் ஓடியது. கறுப்புப் பெட்டி திறந்து, இமைக்குமுன் மூடியது. விடை வானத்து மலக்குகளுக்கே வெளிச்சம். நாற்பதாயிரம் தடவை ஓட்டினேன். கழுத்துச் சுளுக்கு.
மச்சான் மகள் ஷிஃபா வந்தாள், பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள். "ஆரு மாமா இப்ப இதெல்லாம் ஏத்துற? போன்ல, இணையத்துல எழுதுங்க."
"கடலுக்குப் போறவன் தோணிய வாடகைக்கு எடுக்கிறதா?"
"ஒங்கட தோணி ஓட்டைதானே."

வியாழன்
காலையிலிருந்து கரண்ட் இல்லை. பற்றரி எப்போதோ செத்த மடிக்கணினியும் மௌத். சேமிக்காததெல்லாம் போயிற்று.
வெட்கத்தோடு போனில் இணைய எடிட்டர். ஆட்களின் தொகையைக் கேட்காமலே பிழை என்கிறது. ஷிஃபாவுக்கு போன்.
"கீழ ஒரு பெட்டி இரிக்கி மாமா. தொகைய அதுல முன்னுக்கே எழுதி வைக்கணும்."
கேள்விக்கு முன்பே பதில். பரீட்சை மண்டபத்தில் இதற்குத்தான் ஆட்களை வெளியே போடுவார்கள்.
விரல் பட்டுப் பக்கம் புதிதாகி, எழுதியது மாயம். மறுபடியும் மாயம். டேட்டா முடிந்தது. முட்டை வாங்க மறந்ததற்கு வீட்டில் ஏச்சு.

வெள்ளி
ஜும்ஆத் தொழுகைக்குப் பின் கரண்ட். கடைசியில் ரீட்லைன் என்று ஒரு கட்டளை போட்டால் பெட்டி மூடாது என்பது தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்யும்போது ஞாபகம் வந்தது. போட்டேன். நின்றது.
முந்நூற்று ஐந்து பேர், டிவ் போட்டு ஆறால் வகுத்தேன். விடை ஐம்பது. புது டேட்டா போட்டுப் பார்த்தேன், போனிலும் ஐம்பது. இரண்டு சாட்சி, நிக்காஹே செல்லும்.
மனைவி: "நான் ஒருக்கா விரலால எண்ணிப் பாக்கட்டா?"
"விஞ்ஞானத்துக்குள்ள விரல விடாத."
சமையல்காரருக்கு ஐம்பது என்று அறிவித்தேன்.

ஞாயிறு
மழை இருட்டு, பெய்யவில்லை.
ஐம்பது சஹனும் வைத்தாயிற்று. கழுவிய கையோடு ஐந்து பேர் நிற்கிறோம். மௌலவி, மணப்பெண்ணின் வாப்பா, பாண்டிருப்பிலிருந்து வந்த மச்சானின் கூட்டாளிகள் இருவர், நான்.
கதவடியில் ஷிஃபா, மெதுவாக: "டிவ் மட்டுமா போட்டீங்க மாமா? மிச்சத்த ஆரு எண்ணுற?"
டிவ் முழுசை மட்டும் தரும், மிச்சத்தைக் கொட்டிவிடும். எனக்குத் தெரியும். இரண்டு எடிட்டருக்கும் தெரியும். ஒன்றாவது வாய் திறந்ததா?
மச்சான் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.
அப்போது சமையல்காரர் ஒரு சஹனைத் தூக்கி என்னிடம் வந்தார். "ஒங்கட வீட்டுக்காரவங்க விரலால எண்ணி நேத்தே ஐம்பத்தொண்டு எண்டு சொல்லிட்டாங்க."
உட்கார்ந்தோம். ஆறாவது இடம் காலி. மச்சான் வந்து அதில் அமர்ந்தார். கையை நீட்டி, என் பக்கமிருந்த கோழிக்காலை எடுத்துக்கொண்டார்.