மெஷினை நிறுத்திய செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெரிய கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. வலது கையைத் தவிர நானும் உன் தங்கையும் முழு நலம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். கையில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் தையல் கூடத்தில் சூப்பர்வைசர் யாரையாவது இரும்பு ஸ்கேலால் அடித்தால், மற்றவர்கள் பெடலை முழுக்க மிதித்து மெஷின்களை அலறவிடுவோம். அடிபடுகிறவள் அழுவது வெளியே கேட்டு அவள் மானம் போகக் கூடாது என்றுதான். பன்னிரண்டு வருஷமாக அதை இரக்கம் என்றே நினைத்திருந்தோம். சமூகத்தைக் கேள்வி கேட்கும் சிந்தனை மனிதரை எப்படி விடுவிக்கும் என்று நீ எழுதிய கட்டுரையைத் தங்கை வாசித்துக் காட்டினாள். இவ்வளவு நீள வாக்கியத்துக்கு நடுவுல உங்க அக்கா மூச்சே விடமாட்டாளா என்று சிரித்தேன், பாதி புரியவுமில்லை. ஆனால் நம்மை அடக்குவதை நம்முடைய எந்தப் பழக்கம் தாங்கிப் பிடிக்கிறது என்று கேட்டிருந்தாயே, அது தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை, பட்டன் துளைக்குக் காஜா போடுகிறவளின் விரல்களில் ஸ்கேலின் விளிம்பு இறங்கியது. எல்லா மெஷினும் அலறின. நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். ஏய், மிதிடீ, அவ கத்துறது கேட் வரைக்கும் கேக்கும் என்று பக்கத்து மெஷின் குண்டக்கா சீறினாள். கேக்கட்டும்க்கா என்றேன். அவளும் எடுத்தாள், பிறகு ஒவ்வொருத்தியாக. கடைசியில் எலும்பில் இரும்பு படும் சத்தமும் அவள் அலறலும் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. அது காதில் விழுந்ததும் சூப்பர்வைசரின் கை ஒரு நொடி நின்றது, அடுத்த நொடி என் மேல் பாய்ந்தான். மேசை விளிம்பில் வைத்து என் கையை முறித்தான். காஜாக்காரி ரத்தக் கையோடு கத்தரிக்கோலை ஓங்கிவிட்டாள், குண்டக்கா பிடுங்காவிட்டால் கொலை விழுந்திருக்கும்.

கை முறிந்ததைக் கேட்டதும், வேலையை விட்டுட்டு இங்க வந்துடும்மா என்று போனில் அழுதாய். வெள்ளிக்கிழமை கம்பெனியில் விசாரணை, நாங்கள் கலவரம் செய்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். நான் போவேன். அவன் அடித்ததையும், அதை இத்தனை வருஷம் மெஷின் சத்தத்தால் மறைத்தது நாங்கள் என்பதையும் சொல்வேன். வேலை போனால் போகட்டும். அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். செத்துப்போன உன் அப்பா உன்னை பெல்ட்டால் விளாசிய நாட்களில் நான் சமையலறையில் மிக்சியை ஓடவிடுவேன். அதற்குள் அரைக்க ஒன்றும் இருக்காது. இதைக் கேட்டுத் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள், எழுதுடீ என்றேன். உன் கட்டுரையில் நம் வீடு இல்லை கண்ணு. அடுத்ததில் எழுது, என்னைக் காப்பாற்றாமல் எழுது.

நீ நிமிர்ந்து, நிறைந்து வாழ வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

உன் அம்மா
(கையெழுத்து மட்டும் என் இடது கையால்)