ரீமேக் படத்துக்கு விருது

12-8-2007, ஞாயிறு

இன்று கலியபெருமாளுக்கு நானே பேப்பர் படித்துக் காட்டினேன். மில்லில் வேலை செய்த காலம் முழுக்க எனக்குச் சினிமாச் செய்தி படித்துச் சொன்னவன் அவன்தான். இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, ஓர் எழுத்துக்கூடத் தடுக்காமல் படித்தேன். அத்தனை சந்தோஷம்.

ஒரு ரீமேக் படத்துக்கு விருது என்று போட்டிருந்தது. ரீமேக் என்றாலே அவனுக்கு ஆகாது. தியேட்டருக்குள் வரமாட்டான். வாசலில் நின்று, படம் விட்டு வருகிறவர்களிடம் குறைகளைக் கேட்டு வைத்துக்கொண்டு என்னோடு சண்டைக்கு நிற்பான்.

கொஞ்ச நாளாக அவனுக்கு ஆள் அடையாளம் தெரிவதில்லை என்று அவன் மருமகள் சொன்னாள். சண்டை மூட்டினால் என்னைத் தெரிந்துகொள்வான் என்று நினைத்து, மனசுக்கு விரோதமாகச் சொன்னேன்.

"பழைய படத்த விட இதான்டா நல்லாருக்கு. உன் ஹீரோவுக்கு அழவே தெரியல."

முன்பென்றால், "நீ படம் பாத்தியா, முறுக்கு தின்னியா?" என்று சட்டையைப் பிடித்திருப்பான். மருமகள்கூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் பணிவாகத் தலையாட்டினான்.

"நீங்க சொன்னா சரியாதாங்க இருக்கும்."

என்னை அவன் ஒருநாளும் நீங்க என்று சொன்னதில்லை. பேப்பரில் பாதிப் பக்கம் மிச்சம் இருந்தது. படிக்கவில்லை.