பத்தொன்பது சிறுவிடைகள்

செவ்வாய்க் கிரகம், ஆறாம் குடியிருப்பு. கோழிக்கூடப் பதிவு. எழுதுபவர்: கால்நடை மருத்துவர் சகாயராணி.

நாள் 1, 06:30
வெப்பம் 24 டிகிரி. வெள்ளை லெகார்ன் கோழி 412, நாட்டு ரகமான சிறுவிடை 19 (இரண்டு சேவல் உட்பட). நேற்றைய முட்டை 338. லெகார்ன் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. தனியே பிரித்துச் சளி மாதிரி எடுத்தேன்.

நாள் 3, 13:40
லெகார்ன் 290 செத்துவிட்டன. கொண்டை நீலம் பாரித்து, கழுத்து முறுக்கிக்கொண்டு. பறவைக் காய்ச்சல் வகை. போன கப்பலில் வந்த தீவனமாக இருக்கலாம், தெரியவில்லை. சிறுவிடைகள் ஒரு நாள் சோர்ந்து கிடந்தன. இன்று எழுந்து தரையைக் கிளறுகின்றன.

நாள் 5, 16:00
லெகார்ன் ஒன்றுகூட மிச்சமில்லை. குடியிருப்புத் தலைவர் அருமைநாயகம் ரேடியோவில் பேசினார்.

"டாக்டர், நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கூடத்துக் காத்தை வெளிய திறந்துவிடப் போறோம். மிச்சக் கோழியும் போகட்டும். நீங்க வந்துடுங்க."

"சார், அதுங்க பிழைச்சிருச்சு. நாலு நாள் குடுங்க."

"நோய் இல்லாம வைரஸை மட்டும் சுமந்துட்டு இருந்தா? இங்க இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்காங்க டாக்டர். முப்பது குழந்தைங்க."

நியாயமான கேள்வி. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அடுத்த கப்பல் வர இரண்டு வருடம். இவையும் போனால் அந்தக் குழந்தைகளுக்கு முட்டை கிடையாது.

நாள் 5, 18:05
உள்ளிருந்து கதவைப் பூட்டிவிட்டேன். ஆள் இருக்கும்போது காற்றைத் திறக்க மாட்டார்கள். அப்படித்தான் நம்புகிறேன்.

நாள் 6, 06:02
ஆறு மணி தாண்டிவிட்டது. மூச்சு விடுகிறேன்.
"பைத்தியக்காரத்தனம் பண்றீங்க" என்றார் தலைவர்.
"ஆமா சார்" என்றேன்.
என்னை வெளியே வரவைக்க ஹீட்டரை நிறுத்திவிட்டார்கள்.

நாள் 8, 11:20
வெப்பம் 7 டிகிரி. கோழிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறேன். பத்தொன்பது மாதிரிகளில் பதினேழில் வைரஸ் இல்லை. இரண்டில் மிகச் சொற்பம். உள்ளே போன வைரஸை அவற்றின் உடம்பு பெருகவே விடவில்லை.

லெகார்னை முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தோம். நோயைத் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. சிறுவிடையை யாருமே தேர்ந்தெடுக்கவில்லை. பிழைத்தது முட்டையிட்டது, அவ்வளவுதான். சின்ன முட்டை என்று இங்கே எல்லாரும் சிரித்தார்கள்.

நாள் 9, 15:45
பத்தொன்பதும் சுத்தம். இரண்டு முறை சோதித்தேன். முடிவுகளை அனுப்பினேன். பிறகு தலைவர்:

"சரி டாக்டர். நீங்க சொன்னதுதான் சரி. ஹீட்டரைப் போடச் சொல்லிட்டேன். கதவைத் திறங்க."

திறப்பதற்கு முன் என் தொண்டையிலும் ஒரு மாதிரி எடுத்தேன். விதி அது.

எனக்கு இருக்கிறது.

திறக்கவில்லை.

நாள் 10, 09:00
பதினான்கு முட்டைகளை மருந்து நீரில் கழுவி, சிறு திறப்பு வழியாக வெளியே வைத்தேன். அடைகாக்கும் பெட்டியில் வைக்கச் சொன்னேன்.

"வாங்க டாக்டர், ஆஸ்பத்திரில தனி ரூம் போட்டுப் பாத்துக்கலாம்." தலைவர் கெஞ்சினார்.

"ஆஸ்பத்திரிக்கும் மத்தவங்களுக்கும் ஒரே காத்துக் குழாய் சார், கூடத்துக்கு மட்டும்தான் தனி. கதவுப் பக்கம் யாரையும் விடாதீங்க. முட்டைய மட்டும் எடுத்துக்கோங்க."

நாள் 12, 07:10
காய்ச்சல் 39.8 டிகிரி. எழுத்து கோணுகிறது. இதைப் படிப்பவருக்கு: நான் செத்தாலும் பத்தொன்பதையும் கொல்லக் கூடாது. தண்ணீர்க் குழாய் தானாக ஓடும். தீவனத்தை மட்டும் திறப்பு வழியாகத் தள்ளுங்கள்.
என் வைரஸ் அளவு நேற்றைவிட அதிகம்.
நாளையும் மாதிரி எடுப்பேன். பயப்படவில்லை என்று எழுத நினைத்தேன். பயமாக இருக்கிறது. எடுப்பேன்.

நாள் 13
நேரம் தெரியவில்லை. எடுத்தேன்.
குறைவு.
கொஞ்சம்தான். ஆனால் குறைவு