நாற்பத்தைந்து வயது உடம்பு

அன்புள்ள தனக்கொடிக்கு,

என் சிறுநீரகம் உனக்குப் பொருந்தாது என்று டாக்டர் இன்று காலை உறுதியாகச் சொல்லிவிட்டார். "அறுபத்திமூணுன்னு நம்ப முடியல சார், நாப்பத்தஞ்சு வயசு ஒடம்பு" என்றும் சொன்னார்.

முதுமையைத் தள்ளிப்போடும் உணவு பற்றிப் பத்திரிகையில் எழுதினேன்; பத்து வருடமாக அதன்படியே சாப்பிட்டேன். எனக்கென்று தினமும் வரகும் கீரையும் தனியாகச் சமைத்தாய். சர்க்கரை நோயோடு நீ முந்தின நாள் சோற்றைத் தின்றாய்.

ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "இன்னா, மீந்தத கொட்டச் சொல்றீங்களா? நீங்க ஏரிக்கரைக்கு நடக்கப் போங்க" என்றாய்.

போனேன்.

"பொண்ணுகிட்ட வாங்கிகினு உசுரோட இருக்கமாட்டேன்" என்று சொல்லி என்னிடம் சத்தியம் வாங்கினாய். நேற்று நம் பெண் கல்பனா பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். நான்தான் அழைத்துப் போனேன். முடிவு செவ்வாய்க்கிழமை வரும்.

உன் வீட்டுக்காரன்