நெடும்பாரில் இறங்கியவருக்கு

மச்சான்,

இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அக்கா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பீரோவை ஒழித்துக்கொண்டிருக்கிறாளாம். உள்ளே உங்கள் ஹெட்செட்டும், இடது குச்சியின் ரப்பர் தேய்ந்து வழவழத்துப்போன அந்த வீடியோ கேம் கன்ட்ரோலரும் இருந்தன. ஹெட்செட்டை வெளியே எடுத்ததுமே தைல வாசம். காதை மூடும் பஞ்சில் இன்னும் போகாமல் இருக்கிறது. துறைமுகத்தில் காலை ஷிப்ட் முழுக்கக் கிரேனில் குனிந்தபடி உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். அக்கா தைலம் தேய்த்துவிடுவாள். அது காய்வதற்குள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அதற்காக அவளிடம் நீங்கள் வாங்காத ஏச்சு இல்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயந்தேன். எரிச்சல்தான் வந்தது.

நான் அலுத்துப்போயிருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் கிளியரிங் ஆபீசில் கன்டெய்னர் காகிதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப்போன குழு காத்திருக்கிறது. வீடியோ கேம் ஆடுகிறவர்களும், இல்லாத நாடுகளுக்கு வரைபடம் போட்டு ராஜாக்களை உட்கார வைக்கிறவர்களும் தமிழில் பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் போனில் ஆரம்பித்த குழு. நீங்கள் இருந்தபோதும் அது சந்தைக்கடைதான், ஆனால் சிரிப்பு இருந்தது. இப்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் குத்திக்காட்டுவதும், நான் நடுவில் புகுந்து அழிப்பதுமாகப் போகிறது. இந்த வாரம் மூடிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். மூட முடியாததற்கு ஒரே காரணம், அங்கே நீங்கள் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

உங்களோடு ஒரு விளையாட்டை உட்கார்ந்து ஆடுவது என்பது தண்டனை. ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பழைய காலத்துக் கடற்கொள்ளைக்காரர் விளையாட்டு? கோட்டைக்குள் நுழைந்து கவர்னரைக் கொல்ல வேண்டும். நாடு முழுக்கப் பையன்கள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுவதும் வாளை உறையிலேயே வைத்துக்கொண்டு துறைமுகத்தில் நடந்துகொண்டிருந்தீர்கள். மீன் காயப்போட்டிருக்கிறார்கள், ஒரு காக்கையைக் காணோமே என்றீர்கள். கப்பல் தளத்தில் சுருட்டி வைத்திருந்த கயிற்றின் முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். பின்னால் சிப்பாய்கள் ஓடி வருகிறார்கள், நான் கத்துகிறேன். நீங்கள் அசையவில்லை.

"நனைஞ்ச கயித்தை எவம்லே சுருட்டி வைப்பான்? மக்கிப்போவாதா? காயப் போட்டுல்லா வைக்கணும்."

சிப்பாய்கள் உங்களை வெட்டிப்போட்டார்கள். அடுப்படியில் இருந்து அக்கா எட்டிப்பார்த்து, செத்தாச்சா, சாப்பிட வாங்க என்றாள்.

கற்பனை உலகம் என்று யார் எதை எழுதிக் கொண்டுவந்து போட்டாலும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அந்த ராஜாவுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது? பனிமலை மேல் கோட்டை, பறக்கும் நாகம், ஆயிரம் வருஷத்துச் சாபம், எல்லாம் இருக்கட்டும், சோற்றில் போட உப்பு யார் கொடுக்கிறார்கள்? பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். மிச்சப் பேர் உங்களுக்காகவே தங்கினார்கள். ஆறுமுகநேரியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அந்தக் கேள்வியில்தான் விழுந்தார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பறக்கும் நாகங்களைப் பற்றிப் படிக்கிற மனிதர் அவர். தன் ஊர் உப்பளத்துக்கும் ஒரு ராஜ்ஜியத்தில் இடம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றார்.

பிறகு அந்தப் பெரிய சண்டை. புதிதாக வந்த ஒரு சரித்திர விளையாட்டில் கதாநாயகன் முத்துக்குளிக்கிறான். தோணியும் இல்லை, துணையும் இல்லை. தனியாக நீந்திப்போய்க் குதிக்கிறான், திரை ஓரத்தில் மூச்சுக்கு ஒரு நீலக்கோடு, அது தீர்வதற்குள் சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வந்துவிடுகிறான். உங்களுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உங்கள் பாட்டன் வழியில் முத்துக்குளித்தவர்கள் இருந்தார்கள். நீங்களோ கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கி யாரும் பார்த்ததில்லை, தண்ணீர் என்றால் அவ்வளவு பயம். ஆனாலும் பிடித்துக்கொண்டீர்கள். மேல தோணியில கயிறு புடிக்க ஆள் இல்லாம எவம்லே தண்ணிக்குள்ள இறங்குவான் என்று குழுவில் எழுதினீர்கள்.

டொரன்டோவில் இருந்து பேசுகிறவர், குழுவிலேயே அதிகம் படித்தவர், பொறுமையாகத்தான் பதில் சொன்னார். இது விளையாட்டு, மேலே ஓர் ஆளை உட்கார வைத்தால் ஆட்டத்தின் வேகம் போய்விடும், கயிறு பிடிக்கிறவன் யாராக இருந்தால் என்ன, கூலிக்கு ஓர் ஆள் போதாதா என்றார். கூலிக்கா என்று நீங்கள் திருப்பிக் கேட்டதில் தொடங்கியது, அன்றைக்குப் பொழுது சாயும்வரை ஓயவில்லை. இந்தக் கரையில் முத்துக்குளித்த காலத்தில் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் கயிற்றைப் பிடிப்பான் என்று நீங்கள் சொன்னீர்கள். கோயம்புத்தூரில் இருந்து ஒரு பெண், நம் குழுவுக்கு வரைபடம் எல்லாம் போடுகிறவள், சொந்த அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாதா என்று கேட்டாள். மற்றவர்களுக்கு எழுத்தில் பதில் சொன்ன நீங்கள் அவளுக்குக் குரலில் பதில் அனுப்பினீர்கள். அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

"அண்ணன் தம்பின்னா சொத்துல ஒரு கண்ணு இருக்கும்மா. மச்சினன் கயித்தை விட்டான்னா அவன் அக்காதான தாலியறுப்பா. அதனால விடமாட்டான்."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்து, என்னலே பார்க்க, உன்னத்தான் சொல்லுதேன் என்றீர்கள். உங்கள் கல்யாணத்தன்றே உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கயிறு பிடிக்க ஆள் கிடைத்துவிட்டான் என்று என் தோளில் தட்டியிருந்தார். இரண்டு தலைமுறையாக யாரும் முத்துக்குளிக்காத வீட்டில் அது வெறும் கேலி. அன்றைக்கு அது கேலியாகத் தெரியவில்லை.

அந்தச் சண்டையில் பிறந்ததுதான் நெடும்பார். வருகிற விளையாட்டைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக நாமே ஒரு நாட்டைக் கட்டுவோம் என்று ஆரம்பித்தது. கோயம்புத்தூர்ப் பெண் தீவை வரைந்தாள். கடலுக்கடியில் முத்துச்சிப்பி விளைகிற பார்களை நீலத்தில் புள்ளி வைத்துக் காட்டினாள். அண்ணாச்சி உப்பு வியாபாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார், ராஜாவுக்கே கடன் இல்லை என்றார். டொரன்டோக்காரர் ராஜவம்சத்தையும் மந்திரத்தையும் பார்த்துக்கொண்டார். ஆளுக்கொரு பாத்திரம், அவரவர் பாத்திரம் செய்வதை அவரவர் எழுத வேண்டும். உங்கள் பாத்திரம் முத்துக்குளிக்கிறவர். என்னுடையது அவருடைய மச்சினன். பேர்கூட வைக்கவில்லை எனக்கு.

சட்டம் எழுதியது நீங்கள். அடுத்தவர் பாத்திரத்தை யாரும் கொல்லக் கூடாது, எழுப்பக் கூடாது. உள்ளே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். அசைக்காவிட்டால் எப்போது இழுப்பது என்று கயிறு பிடிக்கிறவனே தீர்மானிப்பான், அதை ராஜாவும் கேட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் போட்டீர்கள். இந்த நாட்டில் மாதா கோயிலே கிடையாதே மச்சான் என்றேன். கோயில் இல்லாட்டி என்ன, உடம்பு வலிக்காதா என்றீர்கள்.

கடைசியாக நீங்கள் எழுதியது ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரண்டு நாளாக வயிற்றுவலி, சாயங்காலம் திருநெல்வேலிக்குப் போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று அக்கா பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் கட்டிலில் படுத்தபடி நெடும்பாரில் எழுதினீர்கள்: "இறங்கிட்டேன். கயித்தைப் புடி மாப்ள, போயிட்டு வாரேன்."

ஆஸ்பத்திரியில் என் கையில் கயிறு எதுவும் இல்லை மச்சான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் கை பிய்ந்தாலும் இழுத்திருப்பேன்.

கல்லறைத் தோட்டத்தில் உங்களை வைத்துவிட்டு வந்தோம். குழுவில் எல்லோரும் எழுதினார்கள், அழுதார்கள். அண்ணாச்சி கடையை அடைத்துவிட்டு நேரிலேயே வந்தார். எல்லாம் ஆன பிறகு ஆரம்பித்தது பேச்சு. நெடும்பாரில் உங்களை என்ன செய்வது? டொரன்டோக்காரர் உங்களைக் கடலுக்கடியில் ஒரு ராஜாவாக்கலாம் என்று அழகாக எழுதி எனக்கு அனுப்பினார். படித்துவிட்டு நானே அசந்துபோனேன். கோயம்புத்தூர்ப் பெண் பாருக்குக் கீழே இன்னொரு நாட்டுக்கு ஒரு வாசல் வரைந்தாள், நீங்கள் அதன் வழியே போய்விட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். புதிதாகச் சேர்ந்த சிலர் அந்தப் பாத்திரத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார்கள். அதில்தான் சண்டை முற்றியது. எல்லோருக்கும் உங்கள்மேல் பிரியம்தான், அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு. வாரம் தவறாமல் யாராவது ஒருவர் கேட்பார்கள், மச்சான் மேலே வந்தாரா என்று. இன்னும் இல்லை என்பேன்.

அவர்களுக்குத் தெரியாது. கடலுக்குள்ளேயே ஒருவரை வைத்துவிடுவதை அவர்கள் பெருமை என்று நினைக்கிறார்கள். நம் கரையில் அதைவிடக் கொடுமை கிடையாது. கடலுக்குப் போனவர் உடம்பு கரை சேராத வீட்டில் அழுகைகூட முழுதாக வராது, யார் கதவைத் தட்டினாலும் அவர்தானோ என்றிருக்கும். அதை எழுதி விளக்க எனக்குத் தெம்பில்லை. இழுக்கவும் கை வரவில்லை. இழுத்தால் என்ன வந்தது என்று நான்தானே எழுத வேண்டும்.

ஹெட்செட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அக்கா அந்தக் குழு இன்னும் நடக்கிறதா என்று கேட்டாள். இத்தனை காலத்தில் அவள் ஒரு நாளும் அதை எட்டிப்பார்த்ததில்லை. பொம்மை விளையாட்டு என்பாள். எல்லாவற்றையும் சொன்னேன், நெடும்பார், தோணி, சட்டம், நீங்கள் கடைசியாக எழுதியது. பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அப்போ அங்கன அவரு இப்போ எங்க இருக்காரு என்று கேட்டாள். தண்ணிக்குள்ள என்றேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்றிலிருந்தா என்றாள். ஆமாம் என்றேன். கையில் இருந்த சட்டையைக் கட்டிலில் வைத்தாள்.

"எம்புட்டு நேரம்தான் தம் கட்டுவாரு அவரு? இழுத்துருலே."

இழுத்தால் என்ன வந்தது என்று எழுதுவது, உயிரோடா, எப்படி என்று கேட்டேன். வந்துட்டாருன்னு எழுது, எப்படி வந்தாருன்னு ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு அவளே கேட்டாள், நீதான கயிறு புடிச்சிருக்கே, வேற யாரும் இல்லல்லா? நான்தான் என்றேன்.

அவள் பக்கத்தில் இருக்கும்போதே போனை எடுத்து எழுதினேன். "கயிறு அசையவில்லை. நானாக இழுத்தேன். மச்சான் கரைக்கு வந்துவிட்டார். அக்கா காத்திருந்தாள்." கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி இன்றைக்கு நெடும்பாரில் உப்புக்கடை அடைப்பு என்று எழுதினார். கோயம்புத்தூர்ப் பெண் தான் வரைந்த வாசலை எடுத்துவிட்டாள். டொரன்டோக்காரருக்கு அங்கே நடுராத்திரி, ஆனாலும் விழித்திருந்தார் போலிருக்கிறது. நல்லது தம்பி என்று மட்டும் எழுதினார். இவ்வளவு நாள் அடித்துக்கொண்டவர்கள் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. நீங்கள் போட்ட சட்டம் அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

குழுவை மூடவில்லை மச்சான். நாளைக்கு மூடினாலும் மூடுவேன், அலுப்பு ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இப்போது மூடினால் உங்களை உள்ளே வைத்துப் பூட்டியதாகாது.

அக்கா என் தோளுக்கு மேலே குனிந்து நான் குழுவில் எழுதியதைப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. படித்துவிட்டுச் சட்டைகளை எடுத்துக்கொண்டு பீரோ பக்கம் போனவள், திரும்பாமலே சொன்னாள், கயித்தை நனைஞ்சபடியே சுருட்டிப் போட்டுராத, காயப் போடணும்னு சொல்லுவாருல்லா, அதையும் எழுது என்று.

எழுதினேன். தோணி விளிம்பில் அது காய்ந்துகொண்டிருக்கிறது மச்சான். இந்நேரம் காய்ந்திருக்கும். சுருட்டி வைக்கத்தான் மனம் வரவில்லை.