இருபத்து நான்காவது கிண்ணம்

துலுங்காகுங்,
14 ஏப்ரல் 1996

என் லஸ்மினிக்கு,

இறைவன் அருளால் நானும் நம் மகள் நிங்ருமும் சுகம். ஹாங்காங்கில் நீ சுகமா? நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பெரியவர் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? உன் கடைசிக் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. அதில் பெரியவரின் இருமல் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். ஆகஸ்டில் உன் ஒப்பந்தம் முடிவதைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலை மும்முரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வாரம் அப்பாவுக்கு ஆயிரமாவது நாள் காரியம். தொழுகை நன்றாக நடந்தது. ஆட்டுக் குழம்பு கொஞ்சம் உப்புக் கரித்தது, யாரும் குறை சொல்லவில்லை. மழை மூன்று நாளாக இல்லை. சாலையில் கல்லெல்லாம் ஆணி போல் துருத்தி நிற்கிறது, என் பஞ்சர் கடைக்கு அது நல்லதுதான்.

இனி நடந்த தப்பைச் சொல்கிறேன். கோபித்துக்கொள், ஆனால் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிடாதே. காரியத்துச் சோற்றை வீடு வீடாகக் கொடுத்தனுப்பும் மூங்கில் பெட்டிகள் குறைந்துவிட்டன. நான் பெட்டி இரவல் கேட்க வெளியே போயிருந்த நேரத்தில் யத்மி அக்கா உன் கண்ணாடி அலமாரியைத் திறந்து, நீ சேர்த்து வைத்த, உன் பாடகன் பஹ்ருன் சுக்மா படம் போட்ட கிண்ணங்கள் இருபத்து நான்கையும் எடுத்துச் சோறு போட்டு அனுப்பிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அலமாரியில் அவன் முகம் போட்ட விசிறிகளும் சீப்பும் தீப்பெட்டிகளும்தான் மிச்சம்.

நான் கத்தினேன். அக்கா அசரவில்லை.

"நாலு வருஷமா சோத்தையே பாக்காத கிண்ணம்டா. அப்பா பேரைச் சொல்லி ஒரு நாளாவது அதுக்கு வேலை குடுத்தேன். இதுக்குப் போய் இந்தக் குதி குதிக்கிற."

உனக்குத் தெரியாததா? காரியத்துச் சோறு போன பாத்திரம் போனதுதான். அதைத் திருப்பிக் கேட்பதும், இறந்தவர் பேரில் கொடுத்த சோற்றைத் திருப்பிக் கேட்பதும் நம் ஊரில் ஒன்றுதான். நம் தாத்தா காலத்திலிருந்து எவனும் கேட்டதில்லை. நான் கேட்டேன். மறுநாள் காலையே கடையைப் பூட்டிவிட்டு, சந்தையில் வாங்கிய புதுக் கிண்ணங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு படியேறினேன். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது என்று கணக்கு.

மானம் கப்பலேறியது, லஸ்மினி. மண்ணெண்ணெய்க் கடை சுக்கிர், தெருவே கேட்கிற மாதிரி, "கிண்ணம் இந்தாப்பா. சோத்தைத் தின்னுட்டோம், அதை எப்படித் திருப்பித் தர்றது?" என்றான். ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் உன் பாடகன் முகத்தின் மேல் துணிசோப்பு. நான்காவது தெருவில் ஒரு குழந்தை அந்தக் கிண்ணத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்தால்தான் அடியில் இருக்கும் பஹ்ருன் சுக்மா தெரிவான் என்பதால், அடம்பிடிக்காமல் குடிக்கிறதாம். முடிக்கும்வரை காத்திருந்து வாங்கிக்கொண்டேன். புதுக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்து அது அழுதது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொண்டுவந்துவிட்டேன்.

ஏன் இப்படி அலைந்தாய் என்று கேட்பாய். கல்யாணமான புதிதில், ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்காக மூன்று சந்தை சுற்றுகிறாளே என்று உன்னை எத்தனை கேலி செய்திருப்பேன். அந்த மீசைக்காரன் பாடுவது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. ஆனால் காலையில் எழுந்தால் நான் முதலில் பார்ப்பது உன் அலமாரியைத்தான். அது கிண்ணங்கள் இல்லாமல் நின்றபோது, நீ இந்த வீட்டில் வாழ்ந்ததே இல்லை என்பதுபோல் இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

இரண்டே நாளில் இருபத்து மூன்று கிண்ணம் வந்துவிட்டது. ஊருக்கும் விஷயம் தெரிந்து, பஹ்ருன் சுக்மா படம் போட்ட எதுவானாலும் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார்கள். ஒரு சாவிக்கொத்து, இரண்டு ஸ்டிக்கர், முள் இல்லாத ஒரு சுவர்க் கடிகாரம். எல்லாவற்றையும் நிங்ரும் துடைத்து அடுக்கியிருக்கிறாள். அவள் இப்போது என் தோள் உயரம். நீ அனுப்பிய சட்டையில் கை நுழையவில்லை. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தாள், சொல்லிவிட்டேன்.

கடைசிக் கிண்ணம் கார்சி வீட்டில் இருந்தது. அவள் போன மாதம்தான் ஹாங்காங்கிலிருந்து திரும்பியவள், ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் உன்னோடு உட்கார்ந்திருந்தவள். காப்பி கொடுத்து உட்காரவைத்தாள். அந்தப் பூங்காவில் பஹ்ருன் சுக்மா பொம்மைகள் விற்க ஒருத்தி வருவாளாம், நீ மட்டும் திரும்பியே பார்க்க மாட்டாயாம். இங்கே வாங்கினால் எங்கே வைப்பது, அலமாரி வீட்டில் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்கிறேன் என்பாயாம். அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஆகஸ்டில் நீ வருவதற்குள் அலமாரிக்கு வார்னிஷ் அடிக்கவேண்டும் என்று சொன்னேன்.

கார்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அவதான் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாளேண்ணே. உங்களுக்கு எழுதலியா?"

எழுதினாள், எனக்குத்தான் மறந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை.

எதற்காகப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். நிங்ருமின் பள்ளி, பாதியில் நிற்கும் பின்சுவர், எல்லாம் தெரியும். எழுதக் கை வராமல்தான் இருமலைப் பற்றி எழுதினாய் என்பதும் இப்போது தெரிகிறது. உன்மேல் கோபமில்லை. பொய். இரண்டு நாள் கோபமாக இருந்தேன், பேனாவைத் தொடவே இல்லை. இப்போது கோபம் போய்விட்டது. நீ இல்லாதது மட்டும் இருக்கிறது.

எழுந்து வரும்போது கிண்ணத்தைக் கேட்டேன். அதில் சின்ன வெங்காயம் வைத்திருந்தாள். புதுக் கிண்ணத்தை அவள் கையில் வாங்கவே இல்லை.

"இது உங்களுது இல்லண்ணே. சேத்து வெச்சவ வந்து என் வாசல்ல நின்னு கேக்கட்டும். அப்பத்தான் தருவேன்."

மற்ற இருபத்து மூன்று வீட்டிலும் சண்டை போட்டவன், அங்கே புதுக் கிண்ணத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவள் சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. அலமாரியில் அந்த ஒரு இடம் காலியாகவே இருக்கிறது. நிங்ரும் வேறு எதையோ வைக்கப் பார்த்தாள், வேண்டாம் என்றேன்.

போட்ட கையெழுத்தை அழிக்க முடியுமா என்று எனக்குத் தெரியாது. முடியாவிட்டால் ஒரு வாரம் விடுப்பாவது கேட்டுப்பார். பின்சுவர் அப்படியே நிற்கட்டும், நமக்கு முன்வாசல் போதும். இறைவன் உன் உடம்பையும் மனதையும் காக்கட்டும். வந்து கார்சியிடம் அந்தக் கிண்ணத்தை நீயே கேள், லஸ்மினி. நான் இனி அந்த வாசலுக்குப் போக மாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
பார்னோ